திருகாணி எடுத்த ஆசாரி

எதற்குள்ளாவது ஏதாவது முறிந்து நின்றுவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பூட்டுக்குள் முறிந்த சாவியானாலும், தோணிப் பலகைக்குள் முறிந்த ஆணியானாலும், மனிதக் காலுக்குள் முறிந்த கெளுத்தி முள்ளானாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். கேள்விப்பட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

கோட்டையில் ஒல்லாந்துக்காரர்கள் இருந்த காலம் அது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டில் எங்கள் குப்பம். எல்லாரும் மீன்பிடிக்கிறவர்கள். அவர் ஒருவர்தான் கொல்லர். தூண்டில் முள், நங்கூரம், மீன் அரியும் கத்தி எல்லாம் அவருடைய உலையிலிருந்துதான் வரும். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆசாரி என்றால் அவர்தான். அவருடைய பட்டறைக்கு அடுத்த குடிசையில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அதனால் அவர் வீட்டுச் சண்டை, அவருடைய இருமல், சுத்திச் சத்தம் எல்லாம் எனக்குப் பழக்கம்.

ஆள் குட்டை. உலைக்குப் பக்கத்திலேயே இருந்து இருந்து முகத்தின் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கும். முறிந்த துண்டு இருக்கும் சாமானை முதலில் மடியில் வைத்துக்கொள்வார். நகத்தால் தட்டிக் காதருகே பிடிப்பார். பிறகு எண்ணெய் விடுவார். அப்புறம் சும்மா உட்கார்ந்திருப்பார். அந்த உட்கார்தல்தான் வந்தவர்களுக்குப் பொறுக்காது. "இன்னா ஆசாரி, ஓங்கி ஒண்ணு வையேன்" என்பார்கள். "அடிச்சா அது பயந்துக்கினு இன்னும் கெட்டியாப் புடிச்சுக்கும்" என்பார் அவர். வேலை தொடங்கியதும் முறிந்த துண்டோடு பேச ஆரம்பித்துவிடுவார். கொட்டிலுக்குள் வர மறுக்கும் கன்றுக்குட்டியிடம் பேசுவது போல இருக்கும். "வா கண்ணு, வா. யாரும் ஒன்ன ஒண்ணும் பண்ணல. இப்படி வா." அடுத்த வீட்டில் மீன் கழுவிக்கொண்டே இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன்.

என் நைனாவின் உள்ளங்கையில் ஒருமுறை கெளுத்தி முள் ஏறி முறிந்துவிட்டது. கை தோள் வரைக்கும் வீங்கிப் போனது. நைனா வலி தாங்கமாட்டாமல் ஊரையே திட்டிக்கொண்டிருந்தார். ஆசாரி அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, சாமானைத் தட்டுவது போலவே நகத்தால் மெல்லத் தட்டிப் பார்த்தார். "வா கண்ணு" என்று முள்ளிடம்தான் பேசினார். நைனாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முள் வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முழுசாக வந்திருக்கிறதா என்று நுனியைத் தடவி, அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இதெல்லாம் ஊருக்குப் பிடித்த குணம். பிடிக்காத இடமும் அதிலேயே இருந்தது. யாருடைய சாமான் என்று அவர் கேட்பதில்லை. முகத்துவாரத்துச் சுங்கச்சாவடியில் ஒருத்தன் இருந்தான். ஏதோ ஒரு சொல்லுக்காக எல்லார் முன்னாலும் ஆசாரியைச் செருப்பால் அடித்தவன். சில மாதம் கழித்து அவன் வீட்டுப் பெட்டியின் பூட்டுக்குள் சாவி முறிந்துகொண்டது. ஆள் அனுப்பியதும் இவர் கிளம்பிப் போனார். திரும்பி வந்ததும் அவர் மனைவி போட்ட சத்தம் குப்பத்தின் கோடி வரைக்கும் கேட்டது.

"அடிச்சவன் ஊட்டுப் பொட்டியத் தெறந்து குட்த்துட்டு வரியே, ஒனக்கு ரோசம் இல்ல?"

"அவன் அடிச்சான். பொட்டி இன்னா பண்ணுச்சு?"

அந்தப் பதிலை அப்போது குப்பமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பின்னால் யாரும் சிரிக்கவில்லை.

பின்னால் என்றால் பஞ்சத்துக்குப் பிறகு. தொடர்ந்து மழை இல்லை. ஏரி உள்வாங்கி உள்வாங்கி மேற்குக் கரையில் வெறும் உப்புச்சேறாகிவிட்டது. மீன்கள் செத்து வெள்ளை வெள்ளையாக ஒதுங்கின. எங்களுக்காவது கடல் இருந்தது. ஆரம்பாக்கத்துப் பக்கம் ஏரியை நம்பியிருந்த குப்பங்களுக்கு அதுவும் இல்லை. என் அக்காவை அங்கேதான் கொடுத்திருந்தது. அவள் புருஷன் பேதியில் போய்விட்டான் என்ற சேதி வந்தது. நைனா போய் அழைத்து வரலாம் என்று இருந்தார். அதற்குள் அவளே எங்களிடம் வரப் புறப்பட்டிருக்கிறாள். வழியில் தரகர்கள் ஒரு கொட்டகை போட்டுக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கஞ்சி குடித்தவர்களை, அக்கரையில் வேலை இருக்கிறது என்று சொல்லி, வெளியே விடாமல் நிறுத்திக்கொண்டார்கள். வேலைக்கு ஆகாது என்று அங்கிருந்து தள்ளிவிடப்பட்ட ஒரு கிழவி எங்கள் குப்பத்துக்கு வந்து சேர்ந்துதான் இதைச் சொன்னாள். அதற்கு முன்பே அக்காவையும் மற்றவர்களையும் ஒல்லாந்துக் கப்பலில் ஏற்றியாகிவிட்டது.

கப்பல் எங்கள் கண்ணுக்கு நேராக நின்றது. அலைக்கு அப்பால், ஆழத்தில். அம்மா காலையில் எழுந்ததும் முதலில் போய் அதைப் பார்ப்பாள். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் முகம் கழுவுவாள்.

நைனா கோட்டைக்குப் போய்த் துரைக்கு மொழிபெயர்க்கிற துபாஷியின் காலில் விழுந்தார். பெரிய துரை தெற்கே போயிருக்கிறார், வந்ததும் சொல்லி ஒரு பெண்ணை இறக்கிவிடச் சொல்கிறேன், அதுவரை கப்பல் நிற்க வேண்டும் என்றார் துபாஷி. ஆனால் கப்பல் நிற்கிற காலம் இல்லை. ஐப்பசி பிறக்கப் போகிறது. வாடைக் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் கடலில் கப்பல் நங்கூரமிட முடியாது. அதற்குள் போயாக வேண்டும் என்று பாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தத் திருகாணி முறிந்தது.

கரைக்கும் கப்பலுக்கும் சலங்குப் படகு தள்ளுகிற எல்லப்பன், ஒரு நாள் மதியம் கிழிந்த பாய்த்துணியில் சுற்றிய ஒரு சாமானைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தான். கனமான வெண்கலச் சாமான். பானைக் கழுத்து மாதிரி இருந்தது. கப்பலுக்குள் கசிகிற தண்ணீரை இறைக்க ஒரு ஏற்றம் உண்டாம். அதன் கைப்பிடி இந்தக் கழுத்தில்தான் மாட்டிக்கொண்டு ஏறி இறங்குமாம். பிடித்திருந்த இரும்புத் திருகாணி தலை முறிந்து, உடம்பு கழுத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்காமல் புது ஆணி போட முடியாது. கப்பல் கொல்லன் காய்ச்சலில் கிடக்கிறான். இன்னொரு ஏற்றம் எப்போதோ உளுத்துப் போனது.

சேதி கேட்டு நைனா ஓடினார். அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். ஆசாரி அதற்குள் கழுத்தை மடியில் வைத்திருந்தார்.

"ஆசாரி, அதுல கைய வெக்காத" என்றார் நைனா. "தொர வர வரைக்கும் வச்சிக்க. வரமாட்டேங்குதுன்னு சொல்லு. உள்ள துருப்புடிச்சுப் போச்சுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

ஆசாரி நகத்தால் தட்டிப் பார்க்கப் போன கை பாதியில் நின்றது.

"ஒன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல" என்றார் நைனா.

"சரி அண்ணே. வச்சிக்கிறேன்."

கழுத்தை ஒரு பழைய சட்டியில் நிற்க வைத்து, முறிந்த இடம் மூழ்கும்படி புன்னை எண்ணெய் ஊற்றினார். "ஊறணும், நாளாவும்னு போய்ச் சொல்லு" என்று எல்லப்பனை அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் அம்மா பல நாளைக்குப் பிறகு தலை வாரிக்கொண்டதை நான் பார்த்தேன். குப்பமே ஆசாரியை மெச்சியது. அவர் மட்டும் பட்டறைக்குள்ளேயே சட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். "சாப்ட வரியா இல்லியா" என்று அவர் மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விடிந்தபோது காற்று மாறியிருந்தது. வாடை. கடல் சாம்பல் நிறத்தில் புரண்டது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல இருந்தது எனக்கு. அப்படி இல்லை, உன் கண்தான் என்றார் என் புருஷன். அந்த நேரத்தில் பட்டறையிலிருந்து சத்தம் கேட்டது. டிக், டிக் என்று சின்னச் சுத்தியின் சத்தம். அது என்ன சத்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் போவதற்குள் நைனா அங்கே இருந்தார். எல்லப்பனும் இருந்தான். இடுப்புக்கு மேல் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆசாரி இது? சரின்னியே."

"சொன்னேன் அண்ணே."

"அப்பறம்?"

"எல்லப்பன் கருக்கல்லயே கப்பலுக்குப் போய்ட்டு வந்தான். தண்ணி ஏறிக்கினே கீதாம். கீழ் அடுக்குல முட்டிக்கு மேல நிக்குதாம். கீழ இருக்கிறவங்களே வாளியில மொண்டு மொண்டு மேல குடுக்கிறாங்களாம்."

"கீழ யாரு?"

"நம்ம சனங்கதான்" என்றான் எல்லப்பன்.

நைனா வேகமாகச் சொன்னார். "அதான் நானும் சொல்றேன். தண்ணி ஏறுச்சுன்னா அவங்கள கரைக்குக் கொணாந்துதான ஆவணும்? எறக்கித்தான ஆவணும்?"

ஆசாரி சுத்தியை வைத்துவிட்டு எல்லப்பனைப் பார்த்தார். "நீ போய்ட்டு வரவன். நீ சொல்லு. எறக்குவாங்களா?"

"எனக்கு இன்னா தெரியும் ஆசாரி? நான் போனப்போ கீழ போற கதவு மூடித்தான் இருந்துச்சு. வாளி போற அளவுக்குத்தான் தெறந்து வச்சிருந்தாங்க."

அம்மா வெளியில், கூரை இறக்கத்துக்குக் கீழே நின்றிருந்தாள். அவள் இதையெல்லாம் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே" என்றார் ஆசாரி. "ஒன் பொண்ணு அங்க கீது. எனக்குப் புள்ள இல்ல. நிறுத்துன்னு ஒரு வார்த்த சொல்லு, நிறுத்திடறேன். நீ சொன்னப்பறம் தொடமாட்டேன்."

நைனா நின்றார். கடலில் எத்தனையோ புயலைப் பார்த்த மனுஷன். எந்தப் பக்கம் படகைத் திருப்புவது என்று தெரியாமல் அவர் நின்றதை அன்றைக்கு ஒரு நாள்தான் பார்த்தேன். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் துருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். துருத்திக் கயிற்றைக் கையில் எடுத்து இழுக்க ஆரம்பித்தார். உலை சிவந்தது. "ரொம்ப வேணாம் அண்ணே, வெண்கலம் வெடிச்சுக்கும்" என்றார் ஆசாரி. நைனா மெதுவாக இழுத்தார்.

ஆசாரி வெண்கலக் கழுத்தைச் சுற்றிச் சூடுகாட்டி எடுப்பார். எண்ணெய் விடுவார். புகையும். முறிந்த ஆணியின் மேல் சின்ன உளியை வைத்து லேசாகத் தட்டுவார். மறுபடி சூடு. இப்படியே வெயில் ஏறிவிட்டது. அப்புறம் வில் கட்டிய துரப்பணத்தை எடுத்து முறிந்த ஆணியின் நட்டநடுவில் துளை போட்டார். கை கொஞ்சம் விலகினாலும் வெண்கலத்தின் மரை கெட்டுவிடும். துளைக்குள் நாலு பட்டையாகக் கூராக்கிய ஒரு இரும்பை இறக்கி, குறட்டால் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. வலப்பக்கம் இம்மி அளவு திருப்பினார். மறுபடி இடப்பக்கம். ஒரு தடவை கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. நைனாவின் கை கயிற்றிலேயே நின்றது. அதன் பிறகு ஆணி சுற்றிச் சுற்றி மேலே வந்தது. அதன் மரையில் ஒட்டியிருந்த துரு சிவப்பு மாவு போலக் கொட்டியது.

அன்றைக்கு அவர் அந்த ஆணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வா என்று கூப்பிடவில்லை.

புது ஆணியை அடித்து மரை வெட்டி முடித்ததும், தானே போய்ப் பொருத்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அம்மா அவர் எதிரில் வந்து நின்றாள். கையில் ஒரு மூட்டை. தன்னுடைய சேலை ஒன்று, அதற்குள் எங்கேயோ பானை அடியில் மிச்சமிருந்த வெல்லக்கட்டி. "அவ பேரச் சொல்லிக் கூப்டு. அவ கையில குடு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. ஆசாரி மூட்டையை வாங்கித் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டார். எல்லப்பனின் சலங்கு அலையில் ஏறி இறங்கிப் போனது.

சாயங்காலம் திரும்பி வந்தார். கரையில் கால் வைப்பதற்கு முன்னாலேயே அம்மா தண்ணீருக்குள் போய் நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது. அழல. சேலைய வாங்கி மேல போத்திக்கிச்சு. அம்மாவ அழ வேணாம்னு சொல்லுன்னுச்சு. தண்ணியும் எறங்க ஆரம்பிச்சிருச்சு."

அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். போர்த்திக்கொண்டாளா, எந்தத் தோளில், வெல்லத்தை என்ன பண்ணினாள் என்றெல்லாம் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

ஏற்றம் வேலை செய்தது. அடுத்த நாள் காற்று கொஞ்சம் தணிந்ததும் கப்பல் பாய் விரித்தது. பெரிய துரை அதற்குப் பிறகுதான் வந்தார். நைனா கோட்டை வாசலில் போய் நின்றார். துபாஷி அவரைப் பார்க்க வரவேயில்லை. கப்பல் நின்றிருந்தால் அக்காவை இறக்கியிருப்பார்களா என்பது அதோடு யாருக்கும் தெரியாமல் போயிற்று. அந்த வாடையில் அது மூழ்கியிருக்குமா என்பதும் தெரியாது. எங்கே போய்ச் சேர்ந்தது என்ற சேதி எங்கள் கரைக்கு வரவில்லை.

ஊர் ஆசாரியைச் சும்மா விடவில்லை. கப்பலில் சொந்தம் யாரும் இல்லாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். "இவன் கைய வெக்காம இருந்திருந்தா" என்று தொடங்குவார்கள். நைனா இருக்கும்போது மட்டும் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். நைனா தன் தூண்டில் முள்ளுக்கு அவரிடமே போனார். போய் உட்கார்ந்து, வாங்கிக்கொண்டு வருவார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

ஆசாரியும் மாறிப்போனார். யாராவது சாமானைக் கொண்டுவந்து நீட்டினால், "யாருது?" என்று கேட்கத் தொடங்கினார். "எதுக்கு?" என்றும் கேட்பார். சுங்கச்சாவடி ஆள் மறுபடி ஏதோ அனுப்பினான். இவர் தொடவில்லை. கோட்டையிலிருந்து வந்ததையும் தொடவில்லை. அதற்காக ஒருமுறை பிடித்துக்கொண்டு போய் அடித்து அனுப்பினார்கள். அப்போதாவது ஊர் திரும்பி அவர் பக்கம் வந்ததா என்றால் இல்லை. இப்போது மட்டும் ரோஷம் வருகிறதோ என்றது. கொஞ்சம் கொஞ்சமாக வேலை குறைந்து, பட்டறையில் உலை மூட்டாத நாள்கள் வந்தன. அவர் மனைவி தன் தம்பி இருக்கும் ஆரம்பாக்கத்துக்கே போய்விடலாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர் சம்மதித்தார்.

அதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. அம்மா இறந்துவிட்டிருந்தாள். சாகிற வரைக்கும் அம்மா, என் பொண்ணு அழல, சேலைய மேல போத்திக்கிச்சு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் கிளம்பிய அன்று ஏரிக்கரையில் தோணியில் சாமான்களை ஏற்ற நான்தான் கூட நின்றேன். வேறு யாரும் வரவில்லை. இரும்படிக்கும் பட்டடைக் கல்லை ஏற்றியதும் தோணி தண்ணீரில் நன்றாக அழுந்தியது. அவர் மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் ஏறவில்லை. முட்டியளவு தண்ணீரில் தோணியைப் பிடித்தபடி நின்றார்.

"ஒங்க அம்மா கிட்ட நான் சொன்னது நெசம் இல்லம்மா."

எது என்று நான் கேட்கவில்லை.

"ஆணிய மாட்டுனப்பறம், தண்ணி எறங்குதான்னு பாக்க என்னக் கீழ எறங்க விட்டாங்க. ஒரே இருட்டு. ஒங்க அக்கா பேரச் சொல்லிக் கூப்ட்டேன். நான்தான்னு ஒரு கொரல் வந்துச்சு. அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள இந்தப் பக்கம் இன்னொண்ணு, நான்தான்னு. அப்பறம் எல்லாப் பக்கத்துலேருந்தும். ஆம்பளைங்க கொரல் கூட. பேர் சொல்லிக் கூப்ட்டா வெளிய கூட்டினு போவ வந்திருக்காங்கன்னு நெனச்சிருப்பாங்க."

"அக்கா கொரல் ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்தச் சத்தத்துல தெரியல."

தோணிக்காரன் கழியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான்.

"மூட்டைய நீட்டினேன். ஒரு கை தட்டுப்பட்டுச்சு. பொம்பளக் கைதான். அதுல வச்சேன். அது மூட்டைய உட்டுட்டு என் கையப் புடிச்சுக்கிச்சு. உடல. மேலேருந்து கூப்டறாங்க. ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு எட்த்துட்டு ஏறி வந்துட்டேன்."

சொல்லிவிட்டுத் தோணியில் ஏறிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தோணிக்காரன் கழியால் உந்தினான். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கூடவே நடந்தேன். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. இடுப்பளவு ஆழம் வந்தது. "உட்டுடும்மா, நீ நனையற" என்றார் அவர். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.